குசினியில் எஞ்சிய வரலாறு: இலங்கைப் பறங்கியர் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது ஏடுகளையே. நம் நாட்டுப் பறங்கியரைப் பொறுத்தவரையில் ஏடுகளுக்குக் குறைவேதும் இல்லை. கோயிற் பதிவேடுகள், ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள், கும்பனியின் சம்பளப் பட்டியல்கள், பின்வந்த சங்கத்தார் அரும்பாடுபட்டுத் தொகுத்த வமிசாவளிகள் என அவை மலைபோற் குவிந்துள்ளன. ஆயினும் இவ்வேடுகளை ஊன்றி வாசிக்கும் எவருக்கும் ஓர் உண்மை விரைவிற் புலனாகும். அவை தந்தையரின் வரலாறுகள். எந்த நகரிலிருந்து எந்தக் கப்பலில் எந்தப் பதவியில் வந்தான் என்று பாட்டனுக்குப் பாட்டனைப் பற்றி விரிவாகக் கூறும் அதே ஏடு, அவன் மணந்த பெண்ணைப் பற்றிப் பல வேளைகளில் ஒரு ஞானஸ்நானப் பெயரோடு நின்றுவிடுகிறது. அவள் யார், எம்மொழி பேசினாள், எவ்வூரிலிருந்து எவ்வாறு வந்து சேர்ந்தாள் என்பவற்றை அறிய அங்கு வழியில்லை.

அப்பெண்களின் சுவடு வேறோரிடத்தில் எஞ்சியிருக்கிறது. அவ்விடம் அடுக்களை. இரண்டு மூன்று இனங்களின் குருதி கலந்த வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தன் முன்னோரை முதலில் அறிமுகப்படுத்துவது வமிசாவளி அன்று; தட்டில் விழும் உணவே. தந்தையின் பெயரை அது பாடசாலையில் எழுதக் கற்கிறது. தாயின் வழியை நாவினாற் கற்கிறது. இக்கூற்றைக் கவிதை நயத்துக்காக நாம் கூறவில்லை. பறங்கியர் வரலாற்றில் இது சட்டத்தினாலும் சங்க விதிகளினாலும் உண்டாக்கப்பட்ட பிளவு என்பதைக் காட்டுவதே எமது நோக்கம்.

போர்த்துக்கேயர் 1505 இல் இந்நாட்டுக் கரையை அடைந்தனர். அவர்களுடைய கப்பல்களில் பெண்கள் மிகக் குறைவு. கோவையை 1510 இற் கைப்பற்றிய அல்புகேர்க்கே தன் படைவீரரை உள்ளூர்ப் பெண்களை மணக்குமாறு ஊக்கினான் என்பது நாம் அறிந்ததே. அவ்வழக்கமே இலங்கைக்கும் வந்தது. இவ்வாறு மணந்து குடியமர்ந்த வீரர் 'கசாதோ' எனப்பட்டனர். அவர்கள் பிள்ளைகள் தந்தையின் சமயத்தையும் தாயின் சோற்றையும் பெற்று வளர்ந்தனர்.

ஒல்லாந்தர் 1638 இல் மட்டக்களப்பையும் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். தோற்ற போர்த்துக்கேய வீரர் பலர் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற கலப்புக் குடும்பங்களில் விதவைகளும் மகளிரும் பெருந்தொகையினராய் எஞ்சினர். வெற்றி பெற்ற ஒல்லாந்தரிடமும் ஐரோப்பியப் பெண்கள் அரிதாகவே இருந்தனர். எனவே, மற்சுயிக்கர் போன்ற தேசாதிபதிகள் தம் ஆட்களை இப்பெண்களையே மணக்குமாறு ஊக்குவித்தனர். போர்க்களத்திற் பகைவராய் நின்ற இரு வல்லரசுகளும் அடுக்களையில் உறவினராயின எனலாம்.

இதன் விளைவு ஒல்லாந்த ஆட்சியினருக்கு உவப்பாய் இருக்கவில்லை. ஒல்லாந்தத் தந்தைக்குப் பிறந்த பிள்ளை ஒல்லாந்த மொழி பேச மறுத்தது. தாயும் அடிமைச் செவிலியும் பேசிய போர்த்துக்கேய மொழியே அதன் மொழியாயிற்று. ஆட்சியாளர் இதனைத் தடுக்க முயன்றனர். கொழும்பில் ஒல்லாந்த மொழி பேசத் தெரியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும் என்றுகூடக் கட்டளை பிறப்பித்தனர். தலைகள் மழிக்கப்பட்டிருக்கலாம், மொழி மாறவில்லை. ஆட்சியதிகாரம் அனைத்தும் ஒருபுறமும் அடுப்படியும் தொட்டிலும் மறுபுறமுமாக நடந்த இப்போட்டியில் வென்றது எது என்பதற்கு, ஒல்லாந்தர் ஆட்சி 1796 இல் முடிந்த பின்னரும் அவர் வழிவந்தோர் வீடுகளிற் போர்த்துக்கேயமே பேசப்பட்டமை சான்றாகும்.

இங்கு 'அடிமை' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். பறங்கியர் உணவைப் பற்றி எழுதும் பலர் இச்சொல்லைக் கண்டும் காணாதவர்போற் கடந்துவிடுகின்றனர். 1694 ஆம் ஆண்டு கொழும்பில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கு ஒன்று இன்றும் உளது. அதனை ஆராய்ந்தோர் காட்டும் உண்மை யாதெனில், அந்நகர மக்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் அடிமைகள் என்பதாகும். இவர்களுட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கீழைத் தீவுகளிலிருந்து வந்தோரும் இருந்தனர். தஞ்சை நாட்டில் 1659 முதல் 1661 வரை கொடும் பஞ்சம் நிலவியபோது, பசிக்குத் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் நாகபட்டினத்திலிருந்து ஒல்லாந்தக் கப்பல்களில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பப்பட்டனர்.

அதே 1659 ஆம் ஆண்டில் அதே தஞ்சையிலிருந்து வேறொரு தமிழரும் கொழும்புக்கு வந்தார் என்று ஒரு குடும்ப மரபு கூறுகிறது. ஒல்லாந்தத் தேசாதிபதியின் மனைவிக்கு மருத்துவம் செய்ய அழைக்கப்பட்டவர் அவர். அவர் வழித்தோன்றல்களே ஒந்தாச்சி குடும்பத்தினர். கொழும்பில் 1758 இற் பிறந்து, ஒல்லாந்து சென்று, 1780 களில் உத்திரெக்ற் நகரில் ஸ்ராட்ஹவுடரின் ஆட்சிக்கு எதிரான சனநாயக இயக்கத்தின் முன்னணியில் நின்ற குவின்ற் ஒந்தாச்சி இக்குடும்பத்தவர். நம் காலத்து நாவலாசிரியர் மைக்கல் ஒந்தாச்சியும் இக்குடும்பத்தவரே. தன் குடும்பத்தின் கதையைத் தேடி இலங்கை மீண்டு அவர் எழுதிய நூல் 1982 இல் வெளிவந்தது. தஞ்சை மருத்துவரின் பெயர் மூன்றரை நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்தது. அவர் வந்த அதே காலத்திற் கப்பலின் அடித்தட்டில் வந்த தஞ்சைப் பெண்ணின் பெயர் நிலைக்கவில்லை. அவளும் கொழும்புக் கோட்டைக்குள்ளேதான் வாழ்ந்தாள். ஒல்லாந்த வீட்டுக் குசினியில் அம்மி அரைத்தாள். வரலாறு யாருடைய பெயரை எழுதுகிறது, யாருடைய பெயரை விடுகிறது என்பது தற்செயலாய் நிகழ்வதன்று.

பெயர் விடுபடுவதற்குச் சட்டமும் துணைநின்றது. 1829 இல் இலங்கை வந்த கோல்புறூக் விசாரணைக் குழுவினர் பறங்கியர் எனப்படுவோர் யாவர் என வினவியபோது, பிரதம நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லி விளக்கம் அளித்தார். அதன் சாரம் இது: தந்தைவழி முன்னோர் ஐரோப்பியராயின், எத்தனை தலைமுறை இந்நாட்டில் வாழ்ந்திருப்பினும், தாய் எவளாயினும், பெற்றோர் முறைப்படி மணந்திருந்தாற் பிள்ளை பறங்கியன், மணந்திராவிடின், தாயின் நாட்டைக் கொண்டே பிள்ளையின் இனம் முடிவாகும்.

இவ்விளக்கத்தின் கூர்மையை ஆசிரியரும் மாணவரும் ஆழ்ந்து நோக்குதல் நன்று. முதல் விதியால் தாய்மார் அனைவரும் வரலாற்றிலிருந்து அழிக்கப்படுகின்றனர்; இரண்டாம் விதியால் அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளைகள் அனைவரும் தந்தையின் சொத்திலிருந்து விலக்கப்படுகின்றனர். ஒரே ஆணுக்குப் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒன்று மேசையில் உண்ணும்; மற்றது அம்மேசைக்குப் பரிமாறும். இரண்டும் உண்பது ஒரே சட்டிக் கறியே.

1908 இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் கொழும்பில் நிறுவப்பட்டது. அரசாங்கச் சுவடிக் காப்பாளராய் இருந்த ஆர். ஜி. அந்தனிஸ் அதன் முன்னோடி. ஒல்லாந்தக் கும்பனியின் சேவையிலோ அதன் ஆட்சியிலோ இங்கு வாழ்ந்த ஐரோப்பியரின் ஆண்வழியில் வந்தோரே அதில் உறுப்பினராகலாம் என்பது விதி. சங்கத்தின் சஞ்சிகை குடும்பங்கள் பலவற்றின் வமிசாவளிகளை ஆண்டுதோறும் வெளியிட்டது. ஆராய்ச்சியாளருக்கு இவை அரிய செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆங்கில ஆட்சியில் எழுதுவினைஞராயும் சட்டத்தரணிகளாயும் மருத்துவராயும் உயர்ந்துவிட்ட ஒரு மத்தியதர வர்க்கம், தச்சராயும் கொல்லராயும் சப்பாத்துத் தைப்போராயும் வாழ்ந்த 'போர்த்துக்கேயப் பறங்கியரிடமிருந்து' தன்னைப் பிரித்துக்காட்ட இவ்வேடுகளைப் பயன்படுத்திற்று என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. இனத் தூய்மை என்ற பேச்சின் அடியில் வர்க்கம் என்ற கல் கிடப்பதை இந்நாட்டில் எங்கு தோண்டினாலும் காணலாம்.

இனிக் குசினிக்குள் நுழைவோம். குசினி என்பதே போர்த்துக்கேயர் தந்த சொல். யாழ்ப்பாணத்து ஆசாரமான வீட்டிலும் அடுக்களைக்கு இன்று வழங்கும் பெயர் இதுதான்.

லம்பிறைஸ் என்ற உணவை எடுத்துக்கொள்வோம். இறைச்சி வேகவைத்த சாறில் நெய்யும் ஏலமும் கறுவாவும் இட்டுச் சோறு ஆக்கப்படும். பல வகை இறைச்சிகளைச் சிறுசிறு துண்டுகளாக்கிச் சேர்த்துச் சமைத்த கறி ஒன்று, அரைத்த இறைச்சியை உருட்டிப் பொரித்த பிரிக்கடல், பொரித்த கத்தரிக்காயைப் புளிக்காடி சேர்த்துப் பதமிட்ட தொடுகறி, சாம்பல் வாழைக்காய்க் கறி, பிளாச்சான் என்னும் இறாற் சம்பல், வெங்காயச் சம்பல் என்பனவற்றை அச்சோற்றோடு வாழையிலையில் வைத்துப் பொதியாகக் கட்டி, அப்பொதியைப் போறணையிற் சுட்டெடுப்பர். இலையின் மணம் சோற்றில் இறங்கும்வரை வைத்திருத்தல் முறை. ஒரு நாளில் முடியும் வேலையன்று இது. பல கைகள் வேண்டும்.

இப்பொதியைப் பிரித்துப் பார்ப்போமாயின் அது ஓர் ஆவணமாய் விரியும். பெயர் ஒல்லாந்தருடையது போலத் தோன்றும். ஆனால் அதன் வேர் யாவாவில் உளது என்பர். அங்கு லெம்பெர் என்பது இறைச்சி வைத்து வாழையிலையிற் சுற்றிய சோற்றுருண்டை. கொழும்பை ஆண்டவர்கள் பத்தாவியாவின் கட்டளைக்குட்பட்டவர்கள். அந்நகருக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல்கள் ஓயாது சென்றன. அவற்றில் அதிகாரிகளும் வந்தனர், படைவீரரும் வந்தனர், நாடுகடத்தப்பட்ட யாவா இளவரசரும் வந்தனர், அடிமைகளும் வந்தனர். இறாலைப் புளிக்கவைத்து இடித்தெடுக்கும் பிளாச்சான் மலாய் மக்களின் பொருள், பெயரும் அவர்களுடையதே. பிரிக்கடல் ஒல்லாந்தருடையது, ஆனால் அதனுள் இடப்படும் கறுவாவும் கராம்பும் ஒல்லாந்தில் விளைந்தவையல்ல, அவற்றுக்காகத்தான் அவர்கள் கடல் கடந்தார்கள். கறியின் சரக்குக் கூட்டும் தேங்காய்ப் பாலும் சிங்களவர், தமிழர் கைகளிலிருந்து வந்தவை. சுருங்கக் கூறின், சங்கத்து வமிசாவளி மறைத்த தாய்மாரும் பாட்டிமாரும் அடிமைப் பெண்களும் அப்பொதிக்குள் வரிசையாய் அமர்ந்திருக்கின்றனர். அண்மைக் காலங்களில் அச்சங்கத்தின் கொழும்பு மண்டபத்து உணவுச்சாலை லம்பிறைசுக்கே பெயர்பெற்றதாய் விளங்கியமை எமக்கு நகைப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தருகிறது. மேல்மாடியில் தந்தையர் பட்டியல், கீழே தாய்மாரின் சோறு என்றே அதனை நாம் கற்பனை செய்துகொள்கிறோம்.

நத்தார்க் காலை உணவான புறூடர் மெய்யாகவே ஒல்லாந்திலிருந்து வந்தது. நொதித்த பாண் மாவிலே முட்டை மஞ்சட்கருவும் வெண்ணெயும் சீனியும் முந்திரிகை வற்றலும் சேர்த்துப் பிசைந்து, வரிவரியாய்ப் பள்ளம் வைத்த வட்ட அச்சில் வேகவைத்து, செந்நிற மேற்பூச்சுடைய ஈடாம் பாற்கட்டியோடு உண்பர். எனினும் அதற்கும் இந்நாட்டு முத்திரை விழுந்தது. ஈஸ்ற்று எளிதிற் கிடையாத முற்காலத்தில் மாவைப் பொங்கவைத்தது கள்ளு. நம் அப்பத்தைப் பொங்கவைத்த அதே பொருள், தென்னையில் ஏறும் அதே தொழிலாளியின் முட்டியிலிருந்து, ஒல்லாந்தரின் திருநாட் பண்டத்திலும் சேர்ந்தது. பாண் என்பதும் நத்தார் என்பதும் போர்த்துக்கேயச் சொற்கள் என்பதை நினைவிற் கொண்டால், ஒல்லாந்தப் பண்டத்தைப் பற்றி நாம் தமிழிற் பேசும்போதே போர்த்துக்கேயரும் உடன் வந்துவிடுகின்றனர்.

லவ் கேக் எனப்படும் இனிப்புப் பண்டத்தைப் போர்த்துக்கேயர் வழிவந்தது என்பது மரபு. ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, ஏராளமான மஞ்சட்கரு, சீனி, தேன், பன்னீர், ஏலம், சாதிக்காய், சீனிப் பாகிற் பதமிட்ட நீற்றுப்பூசணி என்பன அதிற் சேரும். மஞ்சட்கருவை அள்ளிக் கொட்டுவது போர்த்துக்கல்லின் கன்னியர் மடங்களில் வளர்ந்த இனிப்புகளின் இயல்பு. ரவையும் பன்னீரும் அதற்கும் முன்னர் அந்நாட்டை ஆண்ட அராபியரை நினைவூட்டுகின்றன. மரமுந்திரிகையோ பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொணர்ந்த மரம். ஆக, போர்த்துக்கேயத் தந்தையும் தூய ஐரோப்பியனாய் இங்கு வரவில்லை; வரும்போதே கலந்துதான் வந்தான்.

'மிளகுத்தண்ணி' என்ற சொல்லையும் விட்டுவிடல் ஆகாது. ஆங்கிலேயரின் உணவு மேசைகள்வரை ஏறிய இத்தமிழ்ச் சொல் பறங்கியர் வீடுகளில் நாளாந்த வழக்கு. அடிமைப் பெண்ணின் பெயரை எந்த ஏடும் காப்பாற்றவில்லை. அவள் ரசத்தின் பெயரை எசமானின் நாக்குக் காப்பாற்றிற்று என்று நாம் எண்ணிக்கொள்வதைத் தடுப்பார் யார்?

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. உணவில் எல்லாரும் கலந்துவிட்டனர், ஆதலால் அங்கு சமத்துவம் நிலவிற்று என்று கூறுவோர் உளர். சுற்றுலா விடுதிகளின் பட்டியல்களில் லம்பிறைசை 'ஒல்லாந்தப் பாரம்பரியம்' என விற்போர் கூறும் கதை இதுவே. சட்டியிற் கலப்பு இருந்தது உண்மை. சட்டியைச் சுமந்தவளுக்கும் உண்டவனுக்கும் இடையே விலங்கு இருந்ததும் உண்மை. 1816 ஓகஸ்ற் 12 ஆம் நாளுக்குப் பின் பிறக்கும் அடிமைக் குழந்தைகளைச் சுதந்திரராய்க் கருத அடிமையுடைமையாளர் இணங்கினர். இவ்வுடைமையாளருட் பலர் பறங்கியர். சட்டத்தால் அடிமைமுறை முற்றாய் ஒழிக்கப்பட்டது 1844 இல். அதன் பின்னரும் அவ்வீடுகளில் அம்மி அரைத்தோர் வேலைக்காரப் பெண்களே. சிங்களத்தில் சமையற்காரரைக் குறிக்கும் 'கோக்கி' என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. கொடுத்தது எசமானனின் மொழி, சுமந்தது ஊழியரின் உடல்.

1929 இல் ஹில்டா டியூத்றம் என்ற பறங்கி அம்மையார் தொகுத்த டெயிலி நியூஸ் சமையல் நூல் வெளிவந்தது. இலங்கையின் ஆங்கிலம் கற்ற வீடுகளில் அந்நூல் இல்லாத வீடு அரிது. பல பதிப்புகள் கண்டது. ஒல்லாந்த, போர்த்துக்கேய, சிங்கள, தமிழ், முஸ்லிம் பண்டங்கள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. ஆண்கள் வமிசாவளியில் வேலி கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் பெண்ணொருவர் வேலியின்றித் தொகுத்த நூல் அது. ஆயினும் குசினியில் நின்றவர்கள் இந்நூலிலும் பெயரற்றவர்களே.

பறங்கியர் அனைவரும் தம்மை ஐரோப்பியர் என்றே எண்ணிக் கழித்தனர் எனக் கூறுதல் அநீதி. 1893 இல் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்நாட்டின் முதலாவது தொழிற்சங்கத்தின் செயலாளராய் நின்ற ஏ. ஈ. புல்ஜன்ஸ் பறங்கியரே. கம்யூனிஸ்ற் கட்சியின் பொதுச் செயலாளராய்ப் பல ஆண்டுகள் பணியாற்றிய பீற்றர் கெனமனும் (1917–1997) அவ்வினத்தவர்தாம். இவர்களை எமது வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமில்லை.

கொழும்பை விட்டு மட்டக்களப்புக்குச் செல்வோமாயின் காட்சி மாறுகிறது. அங்கு வாழும் பறங்கியர் சங்கத்து வமிசாவளிகளில் இடம்பெறாதோர். தச்சு, கொல்லு, தோல்வேலை முதலாயவற்றால் வாழ்ந்தவர்கள். கத்தோலிக்கர். அவர்களுடைய பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைகளில் தமிழில் கற்பவர்கள். அயல்வீட்டார் தமிழரும் முஸ்லிம்களும். வீட்டில் முதியோர் பேசும் கலப்புப் போர்த்துக்கேய மொழியைப் பற்றிக் கோவை அறிஞர் தல்காதோ 1900 இலேயே நூலெழுதினார். பின்வந்த மொழியியலாளர் கண்டு வியந்தது யாதெனில், அம்மொழியின் சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கிய அமைப்போ தமிழ் என்பதாகும். வினைமுற்று நம் மொழியிற்போல இறுதியில் வந்து நிற்கிறது. லம்பிறைசுப் பொதியும் இவ்வாக்கியமும் ஒரே விதியைக் காட்டுகின்றன அல்லவா? பெயர் தந்தையுடையது, அமைப்புத் தாயுடையது.

இங்கு தமிழ்ப் பெண் பறங்கியனை மணப்பதும் பறங்கிப் பெண் தமிழனை மணப்பதும் புதுமையல்ல. ஒட்லியின் அளவுகோல்படி, தந்தை தமிழராயின் பிள்ளை தமிழன். தாயின் இனம் ஏட்டை விட்டு மறைந்துவிடும். ஆனால் நத்தார் அன்று அத்தாய் சுடும் பண்டம் மறைவதில்லை. தைப்பொங்கலன்று பெரியப்பா வீட்டிற் புக்கையும் நத்தாருக்கு அம்மம்மா வீட்டிற் கேக்கும் உண்டு வளரும் பிள்ளைக்கு இரண்டும் தன்னுடையவை. இரண்டிலொன்றைத் தெரிவுசெய்யுமாறு அதனிடம் கேட்பவர்கள் பெரியவர்களே: படிவம் நிரப்பும் அதிகாரி கேட்பான், பாடசாலைப் பதிவேடு கேட்கும், கலவர காலத்திற் சோதனைச் சாவடி கேட்கும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்பார்ப் பகுதியைத் தாக்கியபோது இச்சிறு சமூகத்தவர் பலர் மாண்டனர். அத்தகைய அழிவில் மாள்வது உயிர்கள் மட்டுமன்று. எழுதிவைக்கப்படாத ஒரு மொழியும், எழுதிவைக்கப்படாத கைப்பக்குவங்களும் அவர்களோடு போயின.

தென்னிலங்கைப் பறங்கியரைச் சிதறடித்தது கடலன்று, சட்டம். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. ஆங்கிலத்தை வீட்டுமொழியாக்கி அரசாங்க உத்தியோகத்தில் ஊன்றிநின்ற சமூகம் ஒரே இரவிற் காலூன்ற இடமற்றுப்போயிற்று. தமிழருக்கு இச்சட்டம் இழைத்த அநீதியைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். பறங்கியரின் பெயர்வைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அவர்கள் பெருந்தொகையாய் நாடியது அவுஸ்திரேலியாவை. அந்நாடோ அக்காலத்தில் வெள்ளையரல்லாதாருக்குக் கதவடைத்திருந்தது. கலப்பினத்தவர் நுழைய வேண்டுமாயின் நூற்றுக்கு 75 பங்கு ஐரோப்பியக் குருதியும், ஐரோப்பியத் தோற்றமும், ஐரோப்பிய வளர்ப்பும் உடையவர் எனக் காட்ட வேண்டியிருந்தது. இவ்விதி 1964 இல் தளர்த்தப்பட்டது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை முற்றாய்க் கைவிடப்பட்டது 1973 இல்.

இங்குதான் தந்தையர் ஏட்டுக்குப் புதிய விலை ஏறியது. பெருமைக்காகத் தொகுத்த வமிசாவளி இப்போது கடவுச்சீட்டுக்குச் சான்றாயிற்று. சிங்களப் பாட்டியும் தமிழ்ப் பாட்டியும் குடும்பப் படங்களிலிருந்து ஒதுக்கப்பட்டனர். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள்ளும் வெளிறிய நிறத்தவர் உள்ளே, கருநிறத்தவர் வெளியே என்ற நிலை உண்டாக இவ்விதி இடங்கொடுத்தது. நூற்றுக்கு 75 என்ற கணக்கைக் குசினியில் எவரும் போட்டதில்லை. தேங்காய்ப் பாலின் பங்கு எவ்வளவு, வெண்ணெயின் பங்கு எவ்வளவு என்று அளந்து தம் உணவின் இனத்தை நிறுவ முயன்ற பறங்கி அம்மை ஒருவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை.

அங்கு சென்றபின் நிகழ்ந்தது நோக்கத்தக்கது. ஐரோப்பியர் என்று சான்று காட்டி உட்புகுந்தவர்கள், மெல்பேண் நகரின் குளிரில், கறிவேப்பிலையும் றம்பையும் தேடி அலைந்தனர். ஐரோப்பியக் குருதிக்கு வேண்டாத இப்பொருள்கள் அவர்களுக்கு ஏன் வேண்டியிருந்தன? அங்கு பிறந்த பிள்ளைகள் தம்மை யார் என்று வினவியபோது பெற்றோர் காட்டக்கூடியதாய் எஞ்சியிருந்தவை பெரும்பாலும் ஒரு பிடி சரக்குத்தூளும் வாழையிலைக்குப் பதிலாய் ஈயத்தாளிற் கட்டிய ஒரு சோற்றுப் பொதியுமே. கொழும்பில் 1930 இற் பிறந்த சார்மெய்ன் சொலமன், அவுஸ்திரேலியாவிற் குடியேறி, 1976 இல் ஆசிய நாடுகளின் சமையலைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அந்நாட்டு வெள்ளையர் வீடுகளில் ஆசியச் சமையலைப் பரப்பிய நூல்களுள் அது தலையாயது. ஐரோப்பியர்போல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு திறந்த கதவின் வழியே ஆசியா உள்ளே நுழைந்துவிட்டது.

இலங்கையில் எஞ்சிய பறங்கியர் 2012 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 38 ஆயிரம் பேர். இவர்களைச் 'சிறு கலப்பினம்' எனச் சற்று ஏளனத்தோடு நோக்கும் நம்மவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீட்டுப் பலகாரத் தட்டில் முதலிடம் பெறும் கொக்கிசு எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தரின் 'கூக்கியெஸ்' என்ற சொல்லே அது. அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கொண்டு, பூவடிவ அச்சில் தோய்த்து, எண்ணெயிற் பொரித்து நம் நாட்டார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். நாம் பெருமையோடு பேசும் யாழ்ப்பாணத்துக் காரக்கறியின் மிளகாய், போர்த்துக்கேயர் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்தது. அதற்குமுன் நம் முன்னோருக்கு உறைப்பு மிளகுதான். மட்டக்களப்பார் அதனைக் கொச்சிக்காய் என்பர். கொச்சித் துறைமுகத்தின் வழி வந்தமைக்கு அப்பெயர் சாட்சி. தாச்சியும் கோப்பையும் மேசையும் விசுக்கோத்தும் அன்னாசியும் அவர்கள் விட்டுச்சென்றவை. பறங்கியர் வீட்டுப் பிள்ளை தன் உணவிற் பல இனத்தாரைக் காண்கிறது, அதனை ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. நம் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறே உண்கிறது. அதற்கு நாம் வேறு கதை சொல்லிக்கொடுக்கிறோம்.

மாணவர் சிலர் முயன்றால் இயலக்கூடிய ஆராய்ச்சி ஒன்று உளது. பறங்கியர் வீடுகளிலும், பறங்கியரோடு மணவுறவு கொண்ட தமிழ், சிங்கள வீடுகளிலும் கையெழுத்துச் சமையற் கொப்பிகள் இன்னும் உள. எண்ணெயும் மாவும் படிந்து, ஓரம் உதிர்ந்து, பல கைகளின் எழுத்து மாறிமாறி வரும் கொப்பிகள். அவற்றைப் படியெடுத்துக் காப்பதற்கு நம் பல்கலைக்கழகங்களும் சுவடிச்சாலைகளும் போதிய கவனம் செலுத்தியதாய்த் தெரியவில்லை. சமையற்குறிப்பை வரலாற்று ஆவணமாய்க் கருதும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. இக்கொப்பிகளில் ஒரு பண்டத்தின் தலைப்பருகே அதனைத் தந்தவரின் பெயர் எழுதப்படுவது வழக்கம்: இன்ன மாமி, இன்ன அம்மம்மா, சில வேளைகளில் இன்ன ஆயா. வமிசாவளியில் இல்லாத பெயர்கள் அவை.